வேலு நாச்சியார்: இரண்டு போருக்கு நடுவே எட்டு வருடம்

ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்குக் கழுத்து வரை கடன். சிவகங்கை ராணி வேலு நாச்சியாரின் கதையை இங்கிருந்து தொடங்கினால்தான் சரியாக வரும். குதிரை, வாள், வளரி எல்லாம் அப்புறம்.

நவாப் பட்டத்துக்கு வந்ததே கும்பினியின், அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியின், தயவில்தான். கர்நாடகப் போர்களில் பிரெஞ்சுக்காரர்கள் சந்தா சாகிபைத் தூக்கிப்பிடித்தார்கள், ஆங்கிலேயர் முகமது அலியைத் தூக்கிப்பிடித்தார்கள். ஆங்கிலேயர் பக்கம் ஜெயித்தது, அந்தப் படைச் செலவெல்லாம் முகமது அலி தலையில் வந்து விழுந்தது. அதைக் கட்ட ஒரு கடன், அந்த வட்டியைக் கட்ட இன்னொரு கடன், இப்படியே போனது. கடன் கொடுத்தவர்களில் பலர் சென்னையில் கும்பினி உத்தியோகத்தில் இருந்த வெள்ளைக்காரர்களே. நவாபுக்குச் சேப்பாக்கத்தில் மாளிகை கட்டிக்கொடுத்த பால் பென்ஃபீல்டும் அதில் ஒருவர். பகலில் கும்பினிக்குக் கணக்கெழுதுவது, மற்ற நேரத்தில் நவாபுக்கு வட்டிக்கு விடுவது என்று அவர்கள் பிழைப்பு ஓடியது. கடைசியில் இது எவ்வளவு நாறியது என்றால், 1785ல் லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் எழுந்து இந்தக் கடன் விவகாரத்தைப் பற்றியே ஒரு நீண்ட உரை நிகழ்த்தினார்.

கடனைக் கட்டப் பணம் எங்கிருந்து வரும்? தெற்கிலிருந்துதான் வரவேண்டும். தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை, நெல்லைப் பாளையங்கள் எல்லாம் தனக்குக் கப்பம் கட்ட வேண்டியவை என்பது நவாபின் வாதம். கட்ட மறுத்தால் வசூலிக்கக் கும்பினியின் படை, அந்தப் படையை அனுப்பிய செலவு மறுபடி நவாபின் கடன் கணக்கில். 1771ல் இந்தக் கூட்டணி தஞ்சாவூர் மேல் போனது. 1772 ஜூனில் ராமநாதபுரம், அதே மாதத்தில் சிவகங்கை, 1773ல் மறுபடியும் தஞ்சாவூர். வரிசையைப் பார்த்தாலே தெரியும், சிவகங்கைக்கு நடந்தது தனிப்பட்ட விரோதத்தில் வந்த சண்டை இல்லை, ஒரு வசூல் பட்டியலில் அந்த ஊரின் முறை வந்தது.

சிவகங்கை அப்போது புதுச் சீமை. ராமநாதபுரம் சேதுபதிகளின் நாட்டில் நடந்த வாரிசுச் சண்டைக்குப் பிறகு, 1730ஐ ஒட்டி, நாட்டைப் பிரித்ததில் சசிவர்ணத் தேவருக்குக் கிடைத்த பகுதி அது. அவர் மகன்தான் முத்துவடுகநாதர். 1730ல் ராமநாதபுரம் அரண்மனையில் செல்லமுத்து சேதுபதிக்கு ஒரே மகளாகப் பிறந்த வேலு நாச்சியாரை அவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஆக, பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே கிழங்கிலிருந்து பிரிந்த இரண்டு கொடிகள். ஆண் பிள்ளை இல்லாத வீட்டில் மகளுக்கே சிலம்பமும் வாளும் குதிரையேற்றமும் கற்றுக்கொடுத்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. பிரெஞ்சு, ஆங்கிலம், உருது எல்லாம் தெரியும் என்றும் சொல்வார்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் எனக்குக் கொஞ்சம் மிகையாகத்தான் படுகிறது, உருதை நம்பலாம். நவாபின் ஆட்களோடு காலம் தள்ளிய அரண்மனைகளில் உருது காதில் விழாமல் இருக்காது.

அவர் படத்தை வரைகிறவர்கள் எப்போதும் இருபத்தைந்து வயதுப் பெண்ணாகத்தான் வரைகிறார்கள். 1772ல் அவருக்கு 42 வயது. திரும்பி வந்து சிவகங்கையைப் பிடித்தபோது 50. இது சின்ன விஷயம் இல்லை என்று நினைக்கிறேன். இருபத்தைந்து வயது வேகத்தில் செய்கிற காரியம் வேறு, ஐம்பது வயதில் கணக்குப் போட்டுச் செய்கிற காரியம் வேறு.

1772 ஜூன் மாதத்துக்கு வருவோம். முதலில் ராமநாதபுரம் விழுந்தது. அங்கே பட்டத்தில் இருந்த முத்துராமலிங்க சேதுபதி சிறுபிள்ளை, அவர் பெயரில் நாட்டை நடத்தியது தாயார் முத்துத்திருவாயி நாச்சியார். கோட்டையை உடைத்துத் தாயையும் பிள்ளையையும் பிடித்துத் திருச்சிக் கோட்டையில் கொண்டுபோய் வைத்தார்கள். அடுத்த குறி சிவகங்கை. கிழக்கேயிருந்து ஜெனரல் ஜோசப் ஸ்மித், மேற்கேயிருந்து கேப்டன் பான்ஜோர் என்று இரண்டு பக்கமும் படை நெருக்கியது. முத்துவடுகநாதர் காளையார்கோவிலுக்குப் போய் நின்றார். சிவகங்கையிலிருந்து கிழக்கே கூப்பிடு தூரம்தான், சுற்றிலும் அந்தக் காலத்தில் அடர்ந்த காடு. 1801ல் மருது சகோதரர்களை விரட்டிவந்த கும்பினிப் படை இதே காட்டை வெட்டி வழி உண்டாக்கப் பார்த்து, வாரக்கணக்கில் மாரடித்து, முடியாமல் விட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பத்திரமான இடம். ஆனாலும் 1772 ஜூன் 25 அன்று அது விழுந்தது. சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்ததால் காவல் தளர்ந்திருந்தது என்பது சிவகங்கைப் பக்கத்தில் சொல்லப்படும் காரணம். முத்துவடுகநாதர் குண்டடி பட்டு இறந்தார், இளையராணி கௌரி நாச்சியாரும் உடன் இறந்தார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

வேலு நாச்சியார் அன்றைக்குக் காளையார்கோவிலில் இல்லை, கொல்லங்குடியில் இருந்தார் என்பார்கள். மகள் வெள்ளச்சியும் உடன் இருந்தார். பிரதானி (தலைமை அமைச்சர்) தாண்டவராய பிள்ளை, பெரிய மருது, சின்ன மருது மூவரும் அவரை மேற்கே கூட்டிக்கொண்டு போனார்கள். இந்தத் தப்பித்தலில்தான் உடையாள் வருகிறார். அரியாக்குறிச்சிப் பக்கம் ஆடு மேய்த்த பெண். ராணி எந்த வழியாகப் போனார் என்று நவாபின் ஆட்கள் கேட்டு, சொல்லமாட்டேன் என்றதும் வெட்டிவிட்டார்கள். கொல்லங்குடி வெட்டுடையார் காளியம்மன் கோவிலில் இன்றும் அவருக்கு இடம் உண்டு. திரும்பி வந்த ராணி தன் தாலியைக் காணிக்கையாகக் கொடுத்தார் என்று அங்கே சொல்வார்கள். அந்தக் கோவிலுக்கு இன்னொரு பழக்கத்தாலும் பெயர். காசு வெட்டிப் போடுவது. சொத்தை ஏமாற்றிவிட்டான், கொடுத்த கடனை இல்லை என்கிறான், போலீஸும் கோர்ட்டும் கைவிட்டது என்று வருகிறவர்கள் நாணயத்தை வெட்டிப் போட்டு, நீயே கேள் என்று காளியிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். காட்டிக்கொடுக்காமல் செத்த ஒருத்தியை வைத்துக் கும்பிடும் இடத்தில் ஜனங்கள் நியாயம் கேட்டு வருவதில் ஆச்சரியம் இல்லை.

எங்கே போனார்கள் என்பதுதான் கதையின் முக்கியமான இடம். திண்டுக்கல் சீமையில், இன்றைய ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விருப்பாச்சிக்குப் போனார்கள். அங்கே பாளையக்காரர் கோபால நாயக்கர். மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எந்தப் பக்கம் திரும்பினாலும் நவாபின் கை, இல்லாவிட்டால் கும்பினியின் நண்பர்கள். திண்டுக்கல் மட்டும் மைசூர் வசம் இருந்தது. 1750களில் ஹைதர் அலி அங்கே ஃபௌஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக இருந்து படை கட்டியவர், மேலே ஏறியதே அந்த ஊரிலிருந்துதான். நவாபின் எல்லைக்கு வெளியே, அதே சமயம் சிவகங்கையின் செய்திகள் சில நாளில் வந்து சேரும் தூரத்தில் இருந்த ஒரே இடம் அது.

அந்த டிசம்பரிலேயே, 1772 டிசம்பர் 8 தேதியிட்டு, தாண்டவராய பிள்ளை ஹைதருக்குக் கடிதம் எழுதினார். 5000 குதிரைப்படை, 5000 காலாட்படை கேட்டார். கொண்டவன் செத்து ஆறு மாதம் ஆகவில்லை, நாடு கைவிட்டுப் போய்விட்டது, கையில் இருப்பது ஓடிவந்த கொஞ்சம் ஆட்கள். அந்த நிலைமையில் கேட்கிற எண்ணிக்கை இது. கேட்டது உடனே கிடைக்கவில்லை. தாண்டவராய பிள்ளையும் அப்புறம் அதிக நாள் இருக்கவில்லை, சிவகங்கையை மறுபடி பார்க்காமலே போய்ச்சேர்ந்தார். இந்தக் கதையில் சிலை வைக்கப்படாத ஒருவர் என்றால் அவர்தான் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

ஹைதர் ஏன் உடனே படை கொடுக்கவில்லை? மனமில்லாமல் இல்லை, அந்த வருடம் அவர் கையில் தெம்பு இல்லை. 1769ல் சென்னை வாசல் வரைக்கும் வந்து கும்பினியை மிரட்டி ஒப்பந்தம் போட்டுக்கொண்டார், யார் நம் மேல் பாய்ந்தாலும் ஒருவருக்கொருவர் உதவுவோம் என்று. அடுத்த வருடமே மராத்தியர் மைசூர் மேல் பாய்ந்தார்கள். ஹைதர் உதவி கேட்டார், கும்பினி கையை விரித்துவிட்டது. 1771ல் சின்குர்லியில் செம அடி வாங்கி, 1772ல் பெரும் பணத்தையும் நிலத்தையும் கொடுத்துத்தான் மராத்தியரோடு சமாதானம் ஆனார். ராணியின் ஆட்கள் விருப்பாச்சிக்கு வந்து சேர்ந்த வருடமும் அதுதான். கும்பினி மேல் கோபம் ஏராளமாக இருந்தது, கும்பினியோடு மோதும் நிலைமை இல்லை. மராத்தியரின் பேஷ்வா மாதவராவ் 1772 நவம்பரில் இறந்தபிறகு இழந்ததை ஒவ்வொன்றாக மீட்க ஆரம்பித்தார், அதற்கே ஐந்தாறு வருடம் ஓடியது.

வேலு நாச்சியார் ஹைதரை நேரில் சந்தித்து உருதில் பேசி அசத்தினார், ஹைதர் உருகிப்போய்ப் படை கொடுத்தார் என்று ஒரு காட்சியைப் பல மேடைகளில் கேட்டிருப்பீர்கள். நல்ல காட்சிதான். ஆனால் அந்த ஒரு சந்திப்பே எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று வைத்துக்கொண்டால் எட்டு வருடத்துக்குக் கணக்குச் சொல்ல முடியாது. அந்த எட்டு வருடமும் ராணியின் பக்கம் நடந்தது கூட்டத்தைக் கலையாமல் வைத்திருக்கும் வேலை. வருமானம் இல்லாத ஓர் அரசி, மறைவிலிருந்து, ஆட்களுக்குச் சோறு போட்டு, சிவகங்கை நாட்டார்களோடும் அம்பலகாரர்களோடும் தொடர்பு விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மருது சகோதரர்கள் அந்தத் தொடர்பைப் பிடித்துவைத்தார்கள். அங்கே சிவகங்கையில் நவாபின் ஆட்கள் ஊர்ப் பெயரையே உசேன் நகர் என்று மாற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் வசூல் சுலபமாக நடக்கவில்லை. வாளைவிட இந்தப் பொறுமைதான் அவருடைய பெரிய ஆயுதம் என்பேன், வீரக் கதைகளில் அதைச் சொன்னால் விசில் வராது.

பிறகு காற்று திரும்பியது. 1778ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டது. 1779ல் கும்பினி மேற்குக் கரையில் பிரெஞ்சுக்காரர்களின் மாஹேயைப் பிடித்தது. மாஹே தன் பாதுகாப்பில் இருக்கும் ஊர், தொடாதே என்று ஹைதர் எச்சரித்திருந்தார். அவருக்கு ஆயுதம் வந்து இறங்கும் துறைமுகமும் அதுதான். 1780 ஜூலையில் பெரும்படையோடு கர்நாடகத்துக்குள், அதாவது நவாபின் சீமைக்குள் இறங்கினார். செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை மொத்தமாக அழித்தார். கும்பினிக்கு அதுவரை இந்தியாவில் இப்படியொரு தோல்வி இல்லை. சென்னையில் எல்லோரும் ஹைதரைப் பார்த்துக் கதிகலங்கி நின்றார்கள், தெற்கே சிவகங்கையில் இருக்கும் சில நூறு ஆட்களைப் பற்றி யாருக்குக் கவலை?

அந்த 1780ல்தான் வேலு நாச்சியார் புறப்பட்டார். மதுரைக்குப் பக்கத்தில் கோச்சடை, அப்புறம் திருப்புவனம், மானாமதுரை என்று வழியில் நவாபின் காவல்களை உடைத்துக்கொண்டு வந்தார் என்று சொல்கிறார்கள். காளையார்கோவில் சின்ன மருதுவுக்கு, திருப்பத்தூர் பெரிய மருதுவுக்கு, சிவகங்கை ராணிக்கு என்று படையைப் பிரித்துக்கொண்டார்கள்.

வளரியைப் பற்றி இங்கே சொல்லவேண்டும், ஏனென்றால் படத்தில் பலரும் அதைப் பூமராங் மாதிரி திரும்பி வர வைத்துவிடுகிறார்கள். பிறை போல வளைந்த கட்டை, இரும்பிலும் உண்டு. ஒரு முனை கனமாக, பிடிக்கிற முனை மெலிதாக இருக்கும். மெலிந்த பக்கத்தைப் பிடித்துத் தலைக்கு மேல் சுழற்றி விட்டால் சுழன்றுகொண்டே போய்க் காலை வாரும், எலும்பை முறிக்கும். 1795 வாக்கில் சின்ன மருதுவோடு நட்பாகப் பழகிய ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பினி அதிகாரி, ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்ததே சின்ன மருதுதான் என்றும், 100 கெஜத்துக்குள் அது குறி தப்பாது என்றும் எழுதி வைத்திருக்கிறார். அதே வெல்ஷ் ஆறு வருடம் கழித்து அதே மருதுவை வேட்டையாடிய படையில் இருந்தார், குருவின் முடிவைப் பார்க்க வேண்டியிருந்ததே என்ற வருத்தத்தோடு எழுதியும் இருக்கிறார்.

சிவகங்கை அரண்மனை பிடிபட்ட விதத்தில் குயிலி வருகிறார். விஜயதசமி அன்று ராஜராஜேஸ்வரி அம்மனைக் கும்பிட வந்த பெண்களோடு பெண்களாக ராணியின் படை உள்ளே புகுந்தது, குயிலி உடம்பில் எண்ணெய் ஊற்றித் தீவைத்துக்கொண்டு வெடிமருந்துக் கிடங்குக்குள் பாய்ந்தார் என்பது கதை. கும்பினிக் கடிதங்களை வைத்து எழுதுகிறவர்கள் இதை ஏற்பதில்லை, ஊர்க்கதையை நம்புகிறவர்கள் விடுவதில்லை, குயிலி எந்தச் சமூகம் என்பதில் வேறு வாக்குவாதம். சிவகங்கைக்குப் பக்கத்தில் சூரக்குளத்தில் 2014ல் வேலு நாச்சியாருக்கு அரசு மணிமண்டபம் கட்டியபோது குயிலிக்கும் நினைவுச் சின்னம் வைத்தார்கள். என்னைக் கேட்டால், கிடங்கு வெடித்ததோ இல்லையோ, வடக்கே பொள்ளிலூர் நடக்காமல் இருந்திருந்தால் சிவகங்கையைப் பிடித்திருக்கலாம், வைத்துக்கொண்டிருக்க முடியாது. நவாபே அடுத்த வருடம் ராமநாதபுரத்தைச் சேதுபதியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பதைப் பார்த்தால், தெற்கில் அவர் பிடி எவ்வளவு தளர்ந்துவிட்டது என்பது புரியும்.

பெரும்பாலான கதைகள் இங்கே ராணியை அரியணையில் உட்கார வைத்துவிட்டு முடிந்துவிடுகின்றன. ஜான்சி லட்சுமிபாய்க்கு 77 வருடம் முன்பே என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அந்நியரோடு மோதிய முதல் இந்திய ராணி என்றும் சொல்வார்கள், அது சரியில்லை. உள்ளால் ராணி அப்பக்கா 16ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துகீசியரோடு மோதியவர். கும்பினியிடம் போன நாட்டைத் திரும்பப் பிடித்து ஆண்டார் என்பதுதான் வேலு நாச்சியாரின் தனிச்சிறப்பு, அதைச் சொன்னாலே போதும்.

ஆண்டார் என்பதிலும் சிக்கல் இருக்கிறது. பெயர் ராணியுடையது, படை பெரிய மருதுவிடம், நிர்வாகம் பிரதானியான சின்ன மருதுவிடம். எட்டு வருடம் ஆட்களைத் திரட்டி வைத்திருந்தவர்கள் அவர்கள்தான் என்பதால் இது இயல்பாகவே வந்த ஏற்பாடு. 1781 டிசம்பரில் நவாப் கர்நாடகத்தின் வரி வசூலையே கும்பினிக்கு எழுதிக்கொடுத்துவிட்டார், ஆக இனி வாசலில் வந்து நிற்பது நேரடியாகக் கும்பினிதான். 1783 ஆகஸ்டில் கர்னல் புல்லர்ட்டன் படையோடு சிவகங்கைக்கு வந்தார். மருதுகள் காளையார்கோவில் காட்டுக்குள் ஒதுங்கினார்கள், பிறகு 40,000 ரூபாய் கையில் கொடுத்து, மீதிக்குப் பத்திரம் எழுதிக்கொடுத்து அனுப்பிவைத்தார்கள். சீமை மிஞ்சியது, கப்பமும் மிஞ்சியது.

அதைவிடக் கசப்பானது 1780களின் கடைசியில் வந்தது. ராணிக்கும் மருதுகளுக்கும் ஒத்துப்போகவில்லை. வெள்ளச்சியை யாருக்குக் கட்டிக்கொடுப்பது, அதாவது அடுத்த பட்டம் எந்த வீட்டுக்குப் போவது என்பது சண்டையின் மையம். ராணி நவாபிடமே முறையிட்டார். ஆம், கணவனைக் கொன்ற அதே நவாபிடம்தான். 1789ல் கர்னல் ஸ்டூவர்ட்டின் தலைமையில் கும்பினிப் படை மருதுகளுக்கு எதிராக வந்தது, காளையார்கோவில் மறுபடியும் விழுந்தது, மருதுகள் மறுபடியும் திண்டுக்கல் பக்கம் ஓடினார்கள். இதைச் சொன்னால் ராணிக்கு இழுக்கு என்று நினைத்துப் பலர் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1772லும் அவர் செய்தது இதுதானே, தன் எதிரிக்கு எதிராக யாரிடம் படை இருக்கிறதோ அவர்களிடம் போனார். அந்தக் காலத்து அரசர்கள் எல்லோரும் அப்படித்தான் பிழைத்தார்கள்; நாம்தான் இந்தியா, வெள்ளைக்காரன் என்று பின்னாளில் வந்த பிரிவுக் கோடு ஒன்றை அவர்கள் காலத்துக்கு நடுவே போட்டுப் பார்க்கிறோம்.

முடிவில் மருதுகள் கைதான் ஓங்கியது. அவர்கள் விரும்பிய சக்கந்தி வேங்கன் பெரிய உடையாத் தேவருக்கு வெள்ளச்சியைக் கட்டிவைத்து, 1790ல் பட்டம் அந்தப் பக்கம் போனது. சில வருடத்திலேயே வெள்ளச்சி இறந்துபோனார். வேலு நாச்சியார் 1796 டிசம்பர் 25ல் இறந்தார், 66 வயது.

1801 ஜூன் 16ல் சின்ன மருது திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோவில் சுவரிலும் வெள்ளையரை விரட்டச் சொல்லி அறிக்கை ஒட்டியதும், அக்டோபர் 24ல் திருப்பத்தூரில் சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டதும் தெரிந்த கதை. வேங்கன் பெரிய உடையாத் தேவரைச் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உள்ளிட்டவர்களோடு 1802ல் பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். அதற்கு முன்பே, போர் நடக்கும்போதே, கும்பினி தன் பக்கத்து வாரிசாகப் படமாத்தூர் கௌரி வல்லபத் தேவரைப் பட்டத்தில் வைத்துவிட்டது. அவர் 1829ல் இறந்ததும் வாரிசு வழக்கு ஆரம்பித்து முப்பது வருடத்துக்கு மேல் நடந்தது. அவர் மகள் காத்தம நாச்சியார் விடாமல் நடத்தி, அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1863ல் ஜெயித்தார். இந்துச் சொத்துரிமைச் சட்டத்தில் சிவகங்கை வழக்கு என்று இன்றும் வக்கீல்கள் மேற்கோள் காட்டும் தீர்ப்பு அது. பங்காளிகளைத் தள்ளி மகளுக்கே ஜமீன் என்று முடிவானதற்குக் காரணம், அந்த ஜமீன் கௌரி வல்லபருக்குப் பரம்பரையாக வந்ததில்லை, 1801ல் கும்பினி அவருக்குப் புதிதாகக் கொடுத்த தனிச் சொத்து என்று நீதிபதிகள் ஏற்றதுதான்.